கடனே என்றும், நேர்த்திக்கடன் என்றும்

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்திய இரவு. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஜாலான் உத்தாமா ஓரத்தில் கூடாரம் போட்டு நிற்கிறது ஒரு தண்ணீர்ப் பந்தல். பெரிய நீல டிரம்மில் ரோஜா சிராப் கரைந்துகொண்டிருக்கிறது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, ஐஸ் கட்டிகளை உடைத்து உள்ளே போடுகிறார். பக்கத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், நீளக் கரண்டியோடு.

"மாமா, இன்னும் சீனி போடவா?"

"என்னை ஏன்டா கேக்குற? நீதானே கலக்குற. குடிச்சுப் பாரு. அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்களுக்கு எப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு யோசிச்சுப் போடு."

பையன் ஒரு வாய் குடித்தான். கொஞ்சம் யோசித்தான். சீனிப் பையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். "ரொம்ப இனிச்சா இன்னும் தாகமெடுக்கும், மாமா" என்றான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஐஸ் கட்டியை எடுத்தார்.

அவரோடு பேசிப் பார்த்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு நாள் ஆண்டு விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் முதுகுவலி என்று சொல்லித் தப்பித்துவிடுவாராம்.

"இங்கே முதுகு வலிக்கலையா, அண்ணே?"

"வலிக்காம என்ன, தம்பி. நாளைக்கு எந்திரிக்கவே முடியாது."

"இதுக்கும் சம்பளம் குடுத்தா?"

அவர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "குடுத்தா, அப்புறம் அது வேலையாயிடும்ல."

இந்த அத்தியாயம் முழுவதும் அவருடைய அந்தப் பதிலைப் பற்றியது. உடம்பு அதேதான், முதுகும் அதேதான். ஒரு வேலை அவரைக் களைக்க வைக்கிறது, இன்னொன்று களைப்பையும் மீறி நிறைய வைக்கிறது. ஏன்? தமிழ் இந்த வேறுபாட்டை ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. மனமில்லாமல் செய்வதைக் 'கடனே என்று செய்கிறான்' என்கிறோம். மனம் முழுவதும் வைத்துச் செய்வதை 'நேர்த்திக்கடன்' என்கிறோம். இரண்டிலும் கடன்தான் இருக்கிறது. ஒன்று கழுத்தை அழுத்துகிறது, மற்றொன்று தலையை நிமிர்த்துகிறது. இந்த இரண்டு கடன்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை உளவியல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது.

காசு கொடுத்தால் என்ன ஆகும்?

1969இல் எட்வர்ட் டெசி அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். அவர் கையில் எடுத்தது சோமா என்ற புதிர். ஏழு துண்டுகளைச் சேர்த்துப் பல உருவங்களை அமைக்க வேண்டும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

மாணவர்கள் மூன்று நாள் வந்து புதிரைச் செய்தார்கள். இரண்டாம் நாளில் மட்டும், ஒரு குழுவுக்கு ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர் கொடுத்தார். மற்றொரு குழுவுக்கு எப்போதும் காசு இல்லை. ஒவ்வொரு நாளும் நடுவில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். மேசையில் பத்திரிகைகள் கிடக்கும். மாணவர்கள் விரும்பியதைச் செய்யலாம். டெசி ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அவர் அளந்தது அந்த எட்டு நிமிடங்களைத்தான். யாரும் சொல்லாதபோது, யாரும் கொடுக்காதபோது, மனிதன் எதைக் கையில் எடுக்கிறான்?

மூன்றாம் நாள் யாருக்கும் காசு இல்லை. முந்தைய நாள் காசு வாங்கியவர்கள் அந்த ஓய்வு நேரத்தில் புதிரைத் தொட்டது குறைந்துபோனது. வாங்காதவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. விளையாட்டாக இருந்தது, கூலி வந்ததும் வேலையாகிவிட்டது. பந்தல் அண்ணன் சொன்னதும் இதேதான்.

1973இல் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, சிலரிடம் 'வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய பரிசுத்தாள் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே பரிசு கெடுதல் செய்யவில்லை. 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரம்தான் கெடுத்தது.

இதைப் பற்றி உளவியலாளர்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. 1999இல் டெசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 128 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக அலசினார்கள். ஏற்கெனவே மனம் விரும்பும் செயலுக்குப் பேரம் பேசிக் கொடுக்கும் பொருள்பரிசு, அந்த விருப்பத்தை அரிக்கிறது. மனதாரச் சொல்லும் பாராட்டோ வளர்க்கிறது. சம்பளமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வயிற்றுக்கு வேலை செய்பவனுக்குக் கூலி உரிமை. கூலி தர முடியாத ஒன்றைக் கூலியால் வாங்கப் பார்ப்பதுதான் தவறு.

மனதின் மூன்று பசி

டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1985இல் வெளியிட்ட நூலிலும் அதன் பிறகும் வளர்த்தது தன்தீர்மானக் கோட்பாடு. உடம்புக்குச் சத்துகள் வேண்டியிருப்பதைப் போல மனதுக்கும் மூன்று சத்துகள் வேண்டும் என்பது அதன் மையம்.

முதலாவது தன்விருப்பு: நான் செய்வது என் மனதிலிருந்து வருகிறது என்ற உணர்வு. இரண்டாவது திறன்: என்னால் முடிகிறது, என் கை படிந்துவருகிறது என்ற உணர்வு. மூன்றாவது உறவு: எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் இருக்கிறேன் என்ற உணர்வு.

பந்தலுக்குத் திரும்பிப் போவோம். 'நீதானே கலக்குற' என்று மாமா சொன்னபோது, தீர்மானம் பையன் கையில் வந்தது. 'குடிச்சுப் பாரு' என்றதில், தவறையும் சரியையும் தானே கண்டுபிடிக்கும் வழி கிடைத்தது. 'நடந்து வர்றவங்களுக்கு எப்படி இருந்தா நல்லாயிருக்கும்' என்றதில், முகம் தெரியாத ஆயிரம் பேரோடு அவனுக்கு ஓர் உறவு உண்டானது. உளவியல் படிக்காத ஒருவர், மூன்று பசிக்கும் மூன்று வார்த்தையில் சோறு போட்டுவிட்டார். 'ரெண்டு கிலோ போடு' என்று மட்டும் சொல்லியிருந்தால் சிராப் இனித்திருக்கும். பையனுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சங்கதி, குடும்பமும் ஊரும் பெரிது என்று வாழும் நமக்குத் தன்விருப்பு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015இல் பெய்வென் சென் முதலிய ஆய்வாளர்கள் பெல்ஜியம், சீனா, அமெரிக்கா, பெரு ஆகிய நான்கு நாட்டு இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். நான்கு நாட்டிலும் மூன்று பசியும் தீர்ந்தவர்கள் நலமாக இருந்தார்கள். 'எனக்கு அது அவ்வளவு முக்கியமில்லை' என்று சொன்னவர்களுக்கும் அது கிடைத்தபோது நன்மையே விளைந்தது. இரும்புச்சத்து வேண்டும் என்று நாக்கு கேட்பதில்லை, இரத்தம்தான் கேட்கிறது.

அம்மா வேண்டிக்கொண்டது

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையை நோக்கிப் போகும் கூட்டத்தில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். இருபது வயது இளைஞன் பால்குடம் சுமக்கிறான். வேண்டிக்கொண்டது அவன் இல்லை. அவன் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது. கடன் அம்மாவுடையது, சுமப்பது மகன். இதில் தன்விருப்பு எங்கே இருக்கிறது?

தன்விருப்பு என்றால் யார் பேச்சையும் கேட்காமல் இருப்பது என்று நினைத்தால், அந்த மகன் அடிமை. ஆனால் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. 2003இல் வலெரி சிர்கோவும் சக ஆய்வாளர்களும் தென்கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் குடும்பத்திலிருந்து வந்ததா, தனியாக வந்ததா என்பதைவிட, அதை அந்த மனிதர் எவ்வளவு தூரம் தன்னுடையதாக்கிக் கொண்டிருக்கிறார் என்பதே நலத்தோடு சேர்ந்து நடந்தது. அம்மா சொல்லைக் கேட்பதும் முழு விருப்போடு நடக்கலாம். அம்மா சொல்லை மீறுவதும் நண்பர்களுக்குப் பயந்து நடக்கலாம்.

ஊரிலிருந்தும் வீட்டிலிருந்தும் வருகிற ஒரு விழுமியம் நமக்குள் போகும் பாதையில் பல படிகள் உண்டு. முதல் படியில் அது வெளியே நிற்கிறது: போகாவிட்டால் அப்பா திட்டுவார். இரண்டாம் படியில் அது உள்ளே வந்துவிட்டது, ஆனால் மெல்லாமல் விழுங்கிய உணவைப் போல நெஞ்சில் நிற்கிறது. யாரும் திட்ட வேண்டாம், நானே என்னைத் திட்டிக்கொள்வேன். போகாவிட்டால் குற்ற உணர்வு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். மூன்றாம் படியில் மென்று ஏற்கிறோம்: இதில் எனக்குப் பொருள் இருக்கிறது, ஆகவே செய்கிறேன். நான்காம் படியில் அது செரித்து இரத்தமாகிவிட்டது. என் மற்ற நம்பிக்கைகளோடு பிரித்தறிய முடியாமல் கலந்துவிட்டது.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கடினம். இருவரும் அதே விரதம் இருக்கிறார்கள், அதே படி ஏறுகிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது வேறு. 1993இல் ரயனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் இதை அளந்தார்கள். குற்ற உணர்வால் வழிபட்டவர்களின் மனநலம் குறைந்திருந்தது. ஏற்று வழிபட்டவர்களின் மனநலம் கூடியிருந்தது. ஒரே கோயில், ஒரே பிரார்த்தனை. ஆளைக் காப்பதும் வாட்டுவதும் அதை அவர் தனக்குள் எப்படி வைத்திருக்கிறார் என்பதே.

பால்குடம் சுமக்கும் அந்த மகனிடம் அம்மா என்றாவது உட்கார்ந்து அந்தக் காய்ச்சல் இரவைப் பற்றிப் பேசியிருந்தால், தான் எவ்வளவு பயந்தாள் என்று சொல்லியிருந்தால், அந்தக் கடன் அவன் கைக்கு வேறு எடையில் வந்திருக்கும். 'சாமி குத்தம் ஆயிடும், போ' என்று மட்டும் சொன்னால் அது நெஞ்சில்தான் நிற்கும். காரணம் சொல்வது, முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்பது, 'இந்த வருஷமா அடுத்த வருஷமா' என்றாவது தேர்வைக் கொடுப்பது: ஒரு விழுமியம் செரிப்பதற்கு ஆய்வுகள் காட்டும் வழிகள் இந்த மூன்றும்தான்.

மொரிஷியஸிலிருந்து ஒரு சான்று

அலகு குத்திக் காவடி எடுப்பதைப் பார்க்கும் வெளியாருக்கு வலிதான் தெரிகிறது. அந்த வலி மனிதனை என்ன செய்கிறது என்பதை நேரடியாக அளந்த ஆய்வு மொரிஷியஸ் தமிழர்களிடையே நடந்தது.

டிமிட்ரிஸ் ஸைகலாட்டஸ் தலைமையில் 2013இல் வெளியான அந்த ஆய்வில், பங்கேற்றவர்களுக்குச் சிறு கேள்வித்தாளுக்காக 200 மொரிஷியஸ் ரூபாய் கொடுத்தார்கள். பிறகு தனி அறையில், யாரும் பார்க்காமல், அதிலிருந்து விரும்பியதைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் போடலாம். கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130 ரூபாய்க்கு மேல் போட்டார்கள். காவடி எடுக்காமல் கூடவே நடந்துவந்தவர்கள் அதைவிடவும் கூடுதலாகப் போட்டார்கள். உணர்ந்த வலி கூடக்கூடக் கொடையும் கூடியது.

கூட நடந்தவர்களைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, காவடியைத் தாங்கிக்கொண்டு, 'வேல் வேல்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அவர்கள். உறவுப் பசி தீர்ந்த மனம் கையைத் திறக்கிறது.

அதே குழு 2019இல் இன்னொன்றைக் கண்டது. காவடி எடுத்தவர்களின் உடல்நலத்தை ஆய்வுக் காலம் முழுவதும் கவனித்ததில் கேடு எதுவும் தெரியவில்லை. நாள்பட்ட நோயுள்ளவர்களும் வறியவர்களும் அதிக வலியை ஏற்றார்கள். அதிக வலியை ஏற்றவர்கள் தங்கள் மனநலம் அதிகம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். இதை வைத்து வலி நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆய்வுக்குட்பட்டவர்கள் சிலரே. அவர்கள் தாங்களாகவே தேர்ந்தவர்கள், பல நாள் விரதமிருந்து, ஊர் சூழ நடந்தவர்கள். அந்தத் தேர்வும் அந்த ஊரும் இல்லாமல் அதே ஊசி குத்தப்பட்டால் அது வெறும் காயம்தான்.

தேங்காயும் விழுமிய வட்டமும்

இதுவரை 'எப்படிச் செய்கிறோம்' என்று பார்த்தோம். 'எதைப் பெரிதாக நினைக்கிறோம்' என்பதும் அதே அளவு முக்கியம்.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் 20 நாடுகளின் தரவுகளோடு ஒரு படத்தை முன்வைத்தார். மனித விழுமியங்கள் பத்து வகை. அவை ஒரு வட்டத்தில் அமைகின்றன. அக்கம்பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை மோதும். அதிகாரமும் சாதனையும் ஒரு பக்கம், அவற்றுக்கு எதிரே அருகிலுள்ளோர் நலமும் அனைத்துயிர் நலமும். மரபும் பாதுகாப்பும் ஒரு பக்கம், எதிரே சுதந்திரமும் புதுமையும்.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருவில் இந்த வட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1894 முதல் ஓடும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து புறப்பட்டு வருகிறது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. ரதம் வரும் பாதையில் தேங்காய்கள் மலைமலையாகக் குவிகின்றன; சீனக் குடும்பங்களும் தங்கள் வேண்டுதலுக்காக உடைக்கின்றன. அதே ஊரில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், இத்தனை உணவு வீணாக வேண்டுமா, உடைப்பதைக் குறைக்கலாமே என்று கேட்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் நல்லவர்களே. ஒருவருக்கு மரபு நெஞ்சுக்கு அருகில் இருக்கிறது, மற்றவருக்கு அனைத்துயிர் நலம். இரண்டும் எல்லார் மனதிலும் உண்டு, வரிசைதான் மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் 'உனக்குப் பக்தி இல்லை', 'உனக்கு அறிவு இல்லை' என்ற பேச்சு நின்று, 'ஒரு தேங்காய் உடைத்து, மற்றதன் காசை அன்னதானத்துக்குக் கொடுப்போமா' என்ற பேச்சு தொடங்கும். அப்படிச் செய்யும் வீடுகளும் உண்டு. மரபையும் விடவில்லை, பிறர் நலத்தையும் விடவில்லை.

எல்லா விழுமியமும் மூன்று பசியை ஒரே அளவில் தீர்ப்பதில்லை. 1993இல் டிம் காஸரும் ரயனும் பார்த்தது இதை: பணம் சேர்ப்பதையே வாழ்வின் நடுவில் வைத்த இளைஞர்கள், உறவையும் ஊரையும் தன் வளர்ச்சியையும் நடுவில் வைத்தவர்களைவிட மன நிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தது. பணம், புகழ், தோற்றம் ஆகியவற்றில் நினைத்ததை அடைந்தவர்களுக்கு மனநலம் அதனால் உயரவில்லை. உறவிலும் வளர்ச்சியிலும் நினைத்ததை அடைந்தவர்களுக்கு உயர்ந்தது. இலக்கை எட்டினால் மகிழ்ச்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எந்த இலக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைத் தைப்பூசத்துக்குள்ளேயும் பொருத்திப் பார்க்கலாம். யார் பந்தல் பெரிது, யார் ஒலிபெருக்கியில் சத்தம் அதிகம், யார் காவடிப் படம் எத்தனை பேரால் பகிரப்பட்டது என்று மனம் போகும்போது, அதே தெருவில் அதே நாளில் நேர்த்திக்கடன் மெல்ல வெறும் கடனாகிறது. காவடி மாறவில்லை, சுமப்பவனின் பார்வை பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

பாயான் லெப்பாஸுக்குத் திரும்பினால்

தைப்பூசம் முடிந்து அண்ணன் ஷிப்டுக்குத் திரும்புவார். பாயான் லெப்பாஸ் மலேசியாவின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம், 1972இல் தொடங்கியது. இன்டெல் முதலிய நிறுவனங்கள் அந்த ஆண்டிலேயே வந்தன. தோட்டத்தைவிட்டு நகரத்துக்கு வந்த பல தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் கொடுத்தன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்தச் சீனியும் ஐஸும்.

ஆனால் ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் மனம் நிறைந்து, மிச்ச நாளெல்லாம் கடனே என்று கழிய வேண்டும் என்பது விதி இல்லை. உற்பத்தி வரிசையில் வேகத்தை மாற்ற முடியாமல் இருக்கலாம். எந்த நாள் ஓவர்டைம் என்பதை முன்கூட்டியே கேட்கலாம். கோளாறு வந்தால் இருபது ஆண்டு அனுபவமுள்ளவரைக் கூப்பிட்டு 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்கலாம். அவர் கையில் உருவாகும் சில்லு யாருடைய எந்தக் கருவிக்குள் போகிறது என்று சொல்லலாம். பள்ளியிலும் இப்படித்தான். நட்சத்திரம் ஒட்டுவதற்குமுன், அந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று சொல்லலாம். வீட்டிலும் இப்படித்தான். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. கேட்கும் மனம் மட்டும் வேண்டும்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ளவும் ஒரு கேள்வி உண்டு. டெசியின் எட்டு நிமிடம் அது. யாரும் பார்க்காத, யாரும் கொடுக்காத, யாரும் திட்டாத எட்டு நிமிடத்தில் என் கை எதை நோக்கிப் போகிறது? அங்கே போகும் கை பொய் சொல்வதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் பந்தலைத் திரும்பக் கடந்தேன். மேலே மலையில், 513 படி ஏறிப் போனவர்களின் விளக்குகள் தெரிந்தன. டிரம் பாதி காலியாகியிருந்தது. அண்ணன் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பையன் மட்டும் விழித்திருந்தான். பால்குடம் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டி கப்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடு, ராசா" என்றார்.

அவன் ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமல், டிரம்மில் கரண்டியை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.